மூன்றாம் கட்டத்து மின்னல்

எங்கள் கடையில் வாடகைக்குப் போன ஒவ்வொரு விளையாட்டுக் கேசட்டின் டப்பாவுக்குள்ளும் ஒரு சிறிய அட்டை இருக்கும். தபால் கார்டில் பாதி அளவு. அந்த விளையாட்டு எப்படி, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று அதில் நான் எழுதியிருப்பேன். இருபத்து நாலு வயதில் எனக்கு இருந்த திமிர் அத்தனையும் அந்த அட்டைகளில்தான் போய்ச் சேர்ந்தது. மற்றவை எல்லாம் எங்கே போயின என்று தெரியாது. ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. நான் அதை எடுத்துப் பார்ப்பதில்லை.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. போடியில் என் அண்ணன் ஒரு வாடகைக் கடை வைத்திருந்தான். டி.வி., டெக்கு, படக் கேசட்டுகள் எல்லாம் கல்யாண வீட்டுக்கும் காதுகுத்து வீட்டுக்கும் போகும், ஜீப்பில் ஏறி மலை மேல் எஸ்டேட்டுக்கும் போகும். சிங்கப்பூர் போய்வந்த ஒருவரிடமிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டியும் வாங்கிப் போட்டான். டி.வி.யில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பிடியை வைத்து அழுத்தி ஆடுவது. அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் சோபாவில் உட்கார்ந்து பல் தெரியச் சிரிக்கிற படம் அதன் அட்டைப் பெட்டி மேல் இருந்தது. அதனால் ஊரில் அதற்குக் குடும்பப் பெட்டி என்றே பேர் விழுந்துவிட்டது.

கேசட்டுகளைச் சுற்றி வந்த பழைய சிங்கப்பூர்த் தாள்களை நான் தூக்கிப் போடவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அந்த ஊரில் விளையாடிப் பார்த்து மார்க்குப் போடுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பத்துக்கு எட்டு, பத்துக்கு மூன்று, கீழே இரண்டு வரியில் தீர்ப்பு. 'குடும்பத்தோடு ஆடலாம்' என்பதுதான் அவர்கள் கொடுக்கிற பெரிய பட்டம். பி.ஏ. முடித்துவிட்டு அண்ணன் கடைக் கல்லாவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு அதைப் படித்ததும் தலைகால் புரியவில்லை. இந்த வேலையை நானும் செய்வேனே என்று தோன்றியது.

தீர்ப்புச் சொல்வது எங்கள் ஊருக்குப் புதிது இல்லை. அப்பாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஒரு துண்டு ஏலத்தோட்டம் இருந்தது. காயை உள்ளங்கையில் கொட்டி உருட்டுவார், ஒன்றை நசுக்கி மோந்து பார்ப்பார், ஒரு சொல் சொல்வார். ஏலம் நடக்கிற இடத்தில் காய் பார்க்கிற எல்லாருமே அப்படித்தான். நல்ல காய், இரண்டாம் தரம், உள்ளே ஒன்றும் இல்லாத பொக்கு. சொன்னதை யாரும் மாற்றுவதில்லை. நானும் அப்படியே எழுதினேன்.

கரடி பழம் பொறுக்குகிற ஆட்டத்துக்கு, 'நல்ல காய். சிறுபிள்ளைகளுக்கு ஆகும். பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆடவும்.' கார் பந்தயத்துக்கு, 'பொக்கு. போடிமெட்டுக்கு ஒரு தடவை ஜீப்பில் போய்வாருங்கள், இதைவிடப் பயமாக இருக்கும்.' குத்துச்சண்டைக்கு, 'புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் சேர்ந்து ஆட வேண்டாம்.' அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். வாடகைக்கு விடுகிற பொருளை நாமே பொக்கு என்று எழுதினால் யார் எடுப்பார்கள் என்று கத்தினான். ஆனால் நடந்தது வேறு. "அந்தப் பிள்ளை என்ன எழுதிருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் கேசட்டையே தொட்டார்கள். சொந்தக் கடைச் சரக்கைக் கெட்டது என்று சொல்கிறவள் பொய் சொல்லமாட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. தப்பாகப் பிடித்திருந்தது.

அப்புறம் விமான ஆட்டம் வந்தது. சிங்கப்பூர்த் தாளில் அதற்குப் பத்துக்கு ஒன்பது. ஒரு சின்ன விமானம், மூன்று கட்டம். முதலில் கடல், பிறகு மேகம், மூன்றாவதில் புயல். புயலுக்கு முன்னால் கிர்ரென்று ஒரு சத்தம் ஏறும். பிறகு திரை முழுக்க வெள்ளையும் கறுப்புமாக மாறி மாறி வெட்டும். அந்த நேரத்தில் அறையில் இருக்கிற நாற்காலி, சுவர், ஆள் எல்லாம் தெரிந்து மறையும், தெரிந்து மறையும். எனக்கு முதுகு சில்லிட்டது. சந்தோஷமாக எழுதினேன்: 'முதல் தரம். மூன்றாம் கட்டத்து மின்னலைப் பார்க்காதவர் இந்த ஆட்டத்தைப் பார்த்ததாகவே சொல்லக் கூடாது.'

அதை எடுத்துப்போன வீடுகளில் ஒன்று ஓர் ஆசிரியையின் வீடு. பள்ளி லீவு நாள். மின்னல் வெட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா பிடியைக் கையில் வைத்தபடி சாய்ந்துவிட்டார். வாயில் நுரை, கை கால் இழுப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரும்புச் சாவியைக் கையில் திணித்து, ரிக்‌ஷாவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். விட்டு விட்டு அடிக்கிற வெளிச்சம் சில பேருக்கு வலிப்பை இழுத்துக்கொண்டு வரும் என்று டாக்டர் சொன்னார். ஆசிரியை பிழைத்து எழுந்துவிட்டார். பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்த அவர் கணவர் அட்டையை மட்டும் என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

அன்றே சிவப்பு மையில் அடியில் எழுதினேன்: 'வலிப்பு உள்ள வீட்டுக்கு ஆகவே ஆகாது.' சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு வேறு.

அந்தச் சிவப்பு வரிக்குப் பிறகு அந்தக் கேசட்டுக்கு ஆள் வராது என்று நினைத்தேன். ஆனால் வரிசை கட்டி வந்தார்கள். பயத்தில் ஒரு ஆசை இருக்கும்தானே என்று முதலில் விட்டுவிட்டேன். எடுத்துப்போகிற வீடுகளைக் கவனித்தபோதுதான் ஏதோ உறைத்தது. பெரும்பாலும் பெண் கட்டிக்கொடுக்க வேண்டிய வீடுகள். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி பெண்ணை உட்காரவைத்து ஆடச் சொன்னார்கள். ஒரு அம்மா என்னிடமே சொன்னார்: "எங்க வீட்டுக்கும் ஒரு நாளு அந்தக் கேசட்டக் குடுத்துரு. நாலு பேரு பாக்கட்டும்." நான் எச்சரிக்கை என்று எழுதியதை ஊர் பரீட்சையாக எடுத்துக்கொண்டிருந்தது. மின்னலுக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்துவிட்டால் அந்த வீடு சுத்தம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நான்.

அப்போதே அந்தக் கேசட்டை உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை.

ஆனி மாதக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சிலமலையிலிருந்து ஒரு சித்தி கடைக்கு வந்தார். ரத்த உறவு இல்லை, பழகிய உறவு. பருத்தியும் கடலையும் போடுகிற குடும்பம். அவருக்கு ஒரே மகள். அந்தப் பெண் ஒரு தடவை கிணற்றடியில் விழுந்து கிடந்தாள் என்றும், அது வெறும் மயக்கம் இல்லை என்றும் ஊருக்குள் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சாலேயே இரண்டு சம்பந்தம் வாசல் வரை வந்து திரும்பியிருந்தது.

"வெள்ளிக்கெழம தேவாரத்துலருந்து பொண்ணு பாக்க வர்றாங்க. பெட்டியக் கொண்டா ஆத்தா. அந்த மின்னலு கேசட்டும் வேணும்."

"அது எதுக்குச் சித்தி? கரடி ஆட்டம் தர்றேன், சிரிப்பா இருக்கும்."

"கரடி எனக்கு எதுக்கு? மின்னலுதான் வேணும். நீயே வந்து மாட்டிக் குடு. நீ எழுதுன அட்டையும் உள்ள இருக்கணும்."

குரலை இறக்கிக் கேட்டேன். "ஒளிக்காமச் சொல்லுங்க சித்தி. தங்கச்சிக்கு அப்படி ஏதாச்சும் இருக்கா?"

சித்தி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, அதற்குள் கெஞ்சலும் இருந்தது. "எம் புள்ளைக்கா? கடைக்கு வந்தவகிட்டக் கேக்குற கேள்வியா இது? இல்லேன்னுதான நாலு பேரு முன்னாடி உக்கார வைக்கிறேன்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பெட்டி ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். நான் கூட இருந்தால் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ஒரு சம்பந்தமே என் அட்டையை நம்பி நடக்கப் போகிறது என்கிற பெருமைதான் மீதிப் பாதி. இத்தனை வருடம் கழித்து இதையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் போய் இறங்கினேன். மேற்கே மலை பாதிக்கு மேல் தெரியவில்லை, கறுப்பாக மேகம் இறங்கியிருந்தது. கூரைத் தகரம் ஒன்று காற்றில் விடாமல் தடதடத்தது. வீட்டுக்குள் கேசரி வாசம். கொல்லையில் ஏழெட்டு வாழை இலை நறுக்கி அடுக்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் மனசுக்குப் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்து போனால் அத்தோடு சரி.

நான் தரையில் உட்கார்ந்து வயர்களை மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் ஒரு டம்ளர் மோரோடு வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். புதுச் சேலை, தலை நிறையப் பூ. இடுப்பில் ஒரு பெரிய இரும்புச் சாவிக்கொத்து. அந்த வீட்டில் பூட்டு என்று ஒன்று இருந்ததே ஒரே ஒரு கதவுக்குத்தான். நான் அந்தக் கொத்தைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"அக்கா, அந்த மின்னலு எப்ப வரும்?"

"மூணாவது கட்டத்துல."

"வர்றதுக்கு முன்ன ஏதாச்சும் சத்தம் வருமா?"

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். "இருக்கா உனக்கு?"

"ரெண்டு வருசமா வரலக்கா. மாத்திர போடுறேன்." வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க, நான் சொன்னேன்னு."

வீடே மறைக்கிற ஒன்றை, என்னை அதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்திருந்த பெண் என்னிடம் கொடுத்துவிட்டாள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவளிடம் கொடுத்தாள்.

நான் வேகமாகச் சொன்னேன். "கிர்ருன்னு ஒரு சத்தம் ஏறும். அதுக்கப்புறந்தான் மின்னல். பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிரும். விமானத்த இடது மூலையில ஒதுக்கிட்டா குண்டு படாது. ஆனா நீ அதுவரைக்கும் போகவே வேணாம். ரெண்டாங் கட்டத்துலயே தோத்துரு. ஆடத் தெரியலன்னு சிரிப்பாங்க, அவ்வளவுதான்."

"சரிக்கா," என்றாள். சொன்னதை எல்லாம் உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

தேவாரத்துக்காரர்கள் நேரம் கழித்து வந்தார்கள். விடியக் காலம் யானை இறங்கி அவர்கள் தோட்டத்து வாழையை மிதித்துப் போட்டிருந்ததாம். கிளம்புகிற அன்றைக்கு இப்படி ஆகிவிட்டதே என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் அவருடைய அக்காவுடையது. கெட்டவர் இல்லை. நிதானமான, களைத்த முகம். காப்பி குடிக்காமல் கேசட் டப்பாவைத்தான் முதலில் எடுத்தார். அட்டையை வெளியே உருவி எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். முதல் தரம். மூன்றாம் கட்டத்து மின்னலைப் பார்க்காதவர் இந்த ஆட்டத்தைப் பார்த்ததாகவே சொல்லக் கூடாது. வலிப்பு உள்ள வீட்டுக்கு ஆகவே ஆகாது.

என் வார்த்தைகளை வேறொருவர் வாயில் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தப்பா நெனைக்காதீங்க மதினி," என்றார் அவர் சித்தியைப் பார்த்து. "எங்க மூத்தவனுக்கு ஒருக்கா பொண்ணோட சீக்க மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்க. அந்தப் புள்ளையும் நிம்மதியா இல்ல, நாங்களும் இல்ல. பட்டது போதும்னுதான் கேக்குறோம்."

சித்தி சிரித்தார். "நல்லாப் பாருங்க. எங்களுக்கு என்ன மறைக்க இருக்கு."

பெண் டி.வி.க்கு நேராகப் பாயில் உட்கார்ந்தாள். நாங்கள் எல்லாரும் அவளுக்குப் பின்னால். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகும், பூவும், இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்தும்தான். இரண்டு கையும் பிடியில் இருந்ததால் சாவியை அவளால் தொட முடியவில்லை.

சொன்னபடியே செய்தாள். கடலைத் தாண்டினாள், மேகத்தில் போய் முட்டிக்கொண்டாள். மறுபடி முட்டிக்கொண்டாள். மூன்றாவது உயிரும் போய் ஆட்டம் முடிந்தது. சித்தி வேகமாக எழுந்து, "பாத்தீங்கள்ல, போதும்த்தா, எந்திரி, எல போடுவோம்," என்றார்.

"இருங்க மதினி," என்றார் மாப்பிள்ளையின் அக்கா. அட்டை இன்னும் அவர் கையில் இருந்தது. "மின்னலு வரலையே. மூணாவதுலதான்னு எழுதிருக்கே. இன்னொருக்கா ஆடுத்தா. எங்களுக்கு ஒரு சோலியும் இல்ல."

நான் எழுதிய வரி. பெருமைக்காக, அழகுக்காக எழுதிய வரி. தோற்றுத் தப்பிப்பதற்கு நான் காட்டிய வழியை அந்த வரி அடைத்துவிட்டது. பெண் தலையைக் கொஞ்சமாகத் திருப்பினாள். என்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நான் என்ன சாடை காட்டியிருக்க முடியும்? அவள் திரும்பிக்கொண்டு ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை முட்டவில்லை. அவள் அவ்வளவு நன்றாக ஆடுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. கடல் போனது, மேகம் போனது. திரை இருண்டது. கிர்ரென்று அந்தச் சத்தம் ஏறியது. விமானம் மெதுவாக இடது மூலைக்கு நகர்ந்து அங்கேயே நின்றது. மின்னல் வெட்ட ஆரம்பித்தது.

வீட்டுக்குள் வெளிச்சம் வந்து போனது. சித்தியின் முகம், மாப்பிள்ளையின் முகம், சுவரில் சாத்திய கலப்பை, மறுபடி சித்தியின் முகம். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் விறைத்திருந்தது. அப்போது சாவிக்கொத்து குலுங்கியது. முதலில் லேசாக, பிறகு நிற்காமல். எனக்கு அந்த ஆசிரியைதான் கண் முன்னால் வந்தார். கையில் பிடி, வாயில் நுரை.

எட்டிப் பாய்ந்து வயரைப் பிடுங்கினேன்.

டி.வி. அணைந்தது. தகரம் மட்டும் தடதடத்தது. பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விழவில்லை. இழுக்கவில்லை. நேராக உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா புடுங்குன?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அக்கா.

"வயரு கருகுற வாட வந்துச்சு."

அவர் மூக்கை நிமிர்த்தி மோந்து பார்த்தார். எல்லாரும் மோந்து பார்த்தார்கள். கேசரி நெய் வாசத்தைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"நீ பொய் சொல்லமாட்டேன்னு போடி பூராம் சொல்றாங்க," என்றார். சத்தம் போடவில்லை. அட்டையைக் கேசட் டப்பாவுக்குள் வைத்து மூடி என் பக்கத்தில் வைத்தார். அந்த டப்பா மூடுகிற சின்னச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

"வாங்க, எல போட்டாச்சு," என்றார் சித்தி.

"இல்ல மதினி. யான வந்த காடு. போய்ப் பாக்கணும். சொல்லி விடுறோம்."

அவர்கள் செருப்பு மாட்டுகிற வரைக்கும் சித்தி வாசலில் கைகூப்பியபடி நின்றார். வண்டிச் சத்தம் போன பிறகு உள்ளே வந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் கொல்லைக்குப் போய் ஒரே ஒரு இலையை எடுத்து வந்து, தண்ணீர் தெளித்து, என் முன்னால் போட்டார்.

"ஒக்காரு. நீயாச்சும் சாப்புடு," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவர் திரும்பி வரவே இல்லை.

பெண்தான் பரிமாறினாள். சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். கை நடுங்கவில்லை. குனிந்தபோது சாவிக்கொத்து இலைக்குப் பக்கத்தில் வந்து இடித்தது.

"நான் கண்ண மூடிக்கிட்டுத்தானக்கா இருந்தேன்," என்றாள் மெதுவாக. "சத்தம் வந்ததும் மூடிட்டேன். மூலையில ஒதுக்கிட்டு, நீங்க சொன்ன மாதிரி எண்ணிக்கிட்டு இருந்தேன். ஒம்போது எண்ணிட்டேன்க்கா."

"சாவி குலுங்குச்சே," என்றேன்.

"பயம்க்கா. வேற ஒண்ணுமில்ல."

அப்பளத்தை இலை ஓரத்தில் வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதற்காகக் காத்து நின்றாள். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அந்த வீட்டிலிருந்து அன்றைக்கு இன்னொரு ஆளும் சாப்பிடாமல் எழுந்து போக என்னால் முடியவில்லை. தண்ணீர் விட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். அவர்கள் வீட்டில் அன்றைக்குக் கை நனைத்தது நான் ஒருத்திதான்.